சுண்ணாம்புக் கரிசலில் மக்காச்சோளத்துக்கு ஜிங்க் போட்ட கதை

பெரம்பலூர் பக்கம் கரிசல் காட்டில் மானாவாரி மக்காச்சோளம் போடுகிறவர்களுக்கு வெள்ளைக் குருத்து புதிதல்ல. முளைத்து இரண்டு மூன்று வாரம் ஆகும்போது குருத்து இலைகள் வெளுத்து வெளியே வரும். மழை ஜாஸ்தி, பனி, யூரியா பத்தவில்லை என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். ஒரு கை யூரியா கூடுதலாக விழும். சில காடுகளில் வேர் ஆழம் போனதும் பயிர் தானாகவே பச்சை கட்டிவிடும். பேர் யூரியாவுக்குப் போய்விடும். எங்கள் காட்டிலும் வருஷா வருஷம் இதே கதைதான். போன புரட்டாசிப் பட்டத்தில் ஒரு ஏக்கரை மட்டும் தனியாக ஒதுக்கி, நுண்ணூட்டத்தை (பயிருக்குக் கொஞ்சமாகத் தேவைப்படும் ஜிங்க் போன்ற சத்துகளை) முறைப்படி கொடுத்துப் பார்ப்பது என்று இறங்கினேன். பக்கத்திலேயே நுண்ணூட்டம் கொடுக்காத ஒரு பட்டையும் விட்டுவைத்தேன்.

முதலில் மண். பரிசோதனை நிலையத்து அட்டையில் பி.எச். (புளிப்பு-கார அளவு) 8.4, சுண்ணாம்பு அதிகம், துத்தநாகம், அதாவது ஜிங்க், 0.6 பி.பி.எம். என்று வந்தது. தமிழ்நாட்டு மண்ணுக்கு வேளாண் பல்கலைக்கழகம் வைத்திருக்கும் எல்லைக்கோடு 1.2 பி.பி.எம். அதற்குக் கீழே போனால் பற்றாக்குறை என்று அர்த்தம். எங்களுடையது அதில் பாதி. குருத்து வெளுப்பதன் காரணம் இங்கேதான்.

சுண்ணாம்பு அதிகம் என்பதை அட்டை சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றில்லை. தரை கழுவும் ஆசிட்டைத் தண்ணீரில் விட்டு (தண்ணீரில் ஆசிட், ஆசிட்டில் தண்ணீர் அல்ல) நீர்க்க வைத்து, ஒரு மண்கட்டி மேல் நாலு சொட்டு விட்டேன். சுர்ரென்று நுரை கட்டியது. ஏர் ஓட்டும்போது கொழுவில் இடறுகிற வெள்ளைச் சுக்கான் கல்லின் மேல் விட்டால் இன்னும் பொங்கும். இந்தச் சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டுமானால் காரை என்னும் ஊர்ப் பக்கம் ஒரு நடை போய்ப் பார்க்கலாம். கிரெட்டேசியஸ் காலத்தில் கடல் வந்து நின்ற இடம் அது. அம்மோனைட் என்னும் கடல் உயிரியின் சுருள் ஓடுகள் அங்கே கல்லாகக் கிடக்கின்றன. சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்மரம் படுத்திருப்பதும், அரியலூர் பக்கம் வரிசையாகச் சிமெண்ட் ஆலைகள் நிற்பதும் அந்தக் கடல் விட்டுப்போன சொத்தால்தான். நமக்கு அதில் கிடைத்த பங்கு இந்த மண்.

மண்ணில் துத்தநாகமே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. இருக்கிறது, கரையாமல் கிடக்கிறது. பி.எச். ஒரு எண் ஏறினால் துத்தநாகத்தின் கரைதிறன் ஏறக்குறைய நூறு மடங்கு குறையும். 6.4 உள்ள செம்மண்ணில் கரைந்து வேருக்குப் போகிற சத்து, 8.4 உள்ள எங்கள் கரிசலில் பூட்டுப் போட்ட பெட்டிக்குள் இருக்கிறது. இதைப் புரிந்துகொண்ட பிறகு எனக்கு உறுதியானது ஒன்றுதான்: எத்தனை கிலோ கொட்டுகிறோம் என்பதைவிட, கொட்டியது பூட்டிக்கொள்வதற்கு முன் வேருக்கு எட்டுமா என்பதுதான் கணக்கு.

அடுத்தது ஜிங்க் சல்பேட் வாங்குவது. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மெக்னீசியம் சல்பேட்டும் பார்ப்பதற்கு அப்படியே இருக்கும், வெள்ளைக் குருணை, விலையும் குறைவு. கலப்படம் செய்ய இதைவிடத் தோதான பொருள் கிடையாது. நான் இரண்டு இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி வந்து வீட்டில் சோதித்தேன். சோதனை ரொம்பச் சுலபம். ஒரு கண்ணாடி டம்ளரில் ஒரு ஸ்பூன் டி.ஏ.பி.யை (பாஸ்பேட் உள்ள உரம்) கரைத்துத் தெளியவிட வேண்டும். இன்னொன்றில் ஜிங்க் சல்பேட்டைக் கரைக்க வேண்டும். இரண்டாவதை முதலாவதில் ஊற்றினால், அசல் ஜிங்க் என்றால் உடனே கட்டி கட்டியாக வெள்ளையாகத் திரிந்து அடியில் இறங்கும். பால் திரிகிற மாதிரிதான். மெக்னீசியம் சல்பேட் என்றால் அப்படித் திரியாது. ஒரு பாக்கெட் நன்றாகத் திரிந்தது. இன்னொன்றில் லேசாகக் கலங்கியதோடு சரி. கடை பேர் வேண்டாம். திருப்பிக் கொடுத்தேன், முணுமுணுப்போடு வாங்கிக்கொண்டார்கள்.

அந்த டம்ளரை உடனே கழுவிவிடாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். காரணம், கலப்படத்தைக் கண்டுபிடிக்கிற அதே டம்ளர்தான் நம் ஊர் உரமிடும் பழக்கத்தில் இருக்கிற கோளாறையும் காட்டுகிறது. அடியில் வெள்ளையாகத் தங்கியது ஜிங்க் பாஸ்பேட். தண்ணீரில் கரையாது, வேரும் லேசில் எடுக்க முடியாது. விதைப்பன்று காலையில் டி.ஏ.பி. மூட்டையையும் ஜிங்க் பையையும் ஒரே தார்ப்பாயில் கொட்டி, மண்வெட்டியால் கிளறி, ஒன்றாக வீசுகிறோமே, ஈரம் பட்டதும் வயலுக்குள் நடப்பது இதுதான். காசு கொடுத்து வாங்கிய துத்தநாகத்தை நாமே பூட்டிவிட்டு, 'ஜிங்க் போட்டும் கேக்கல' என்கிறோம்.

ஆகவே ஜிங்க்கையும் டி.ஏ.பி.யையும் நாளிலும் இடத்திலும் பிரித்தேன். ஜிங்க் கடைசி உழவுக்கு முன்பே பரவலாக நிலத்தில் விழுந்தது. டி.ஏ.பி. விதைப்புக் கருவியோடு பின்னால், விதைக்குப் பக்கவாட்டில் சற்று ஆழத்தில் போனது.

நிலத்தை நீளவாக்கில் நான்கு பட்டையாகப் பிரித்தேன். எங்கள் காடு மேற்கிலிருந்து கிழக்கே சரிவு. குறுக்கே பிரித்தால் கீழ்ப் பட்டைக்கு ஈரம் அதிகமாகி, 'ஜிங்க் வேலை செய்தது' என்று நாமே நம்மை ஏமாற்றிக்கொள்வோம். சரிவோடு பிரித்தால் ஒவ்வொரு பட்டைக்கும் மேடும் உண்டு, பள்ளமும் உண்டு. முதல் பட்டையில் வழக்கமான தழை, மணி, சாம்பல் சத்து மட்டும். இரண்டாவதில் அதோடு ஜிங்க் சல்பேட் மணலோடு கலந்து. மூன்றாவதில் நுண்ணூட்டக் கலவை சேர்த்து ஊட்டமேற்றிய தொழுவுரம். நான்காவதில் அதே தொழுவுரம், கூடவே பூக்கும் தருவாயிலும் பால் பிடிக்கும்போதும் இலைவழி ஜிங்க் தெளிப்பு. பட்டைகள் தொட்டுக்கொள்ளும் ஓரச் சால்களை எந்தக் கணக்கிலும் சேர்க்கவில்லை.

ஜிங்க் சல்பேட்டுக்குப் பல்கலைக்கழகப் பரிந்துரை ஹெக்டேருக்கு 37.5 கிலோ, அதாவது ஏக்கருக்கு 15 கிலோ. நான் சொல்வது 21 சதவீதம் துத்தநாகம் உள்ள ஹெப்டாஹைட்ரேட் வகை. 33 சதவீத மோனோஹைட்ரேட் வாங்கினால் அதற்கேற்பக் குறைத்துக்கொள்ள வேண்டும். பையில் அச்சடித்திருப்பதைப் படிக்காமல் 'ஜிங்க் பத்து கிலோ குடுங்க' என்று கேட்பதுதான் நம் வழக்கம்.

ஊட்டமேற்றிய தொழுவுரம் செய்வதுதான் இந்த வேலையிலேயே எனக்குப் பிடித்த பகுதி. மக்காச்சோள நுண்ணூட்டக் கலவை ஏக்கருக்கு 12 கிலோ. அதற்குப் பத்து மடங்கு, அதாவது 120 கிலோ, நன்றாக மக்கிய குப்பை. மக்கியதா என்று பார்க்கக் கையில் எடுத்து முகர்ந்தால் போதும். சாண வாடை போய் மழை பெய்த மண்ணின் வாடை வர வேண்டும். வேப்ப மரத்தடியில் குப்பையை ஒரு அடுக்கு, மேலே கலவை கொஞ்சம், மறுபடி குப்பை என்று போட்டுப் புரட்டினேன். தண்ணீர் தெளிக்கும் பதம் முக்கியம். கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், தட்டினால் உதிர வேண்டும், விரலிடுக்கில் நீர் கசியக் கூடாது. அப்படியே குவித்து ஈரச் சாக்கால் மூடி 30 நாள் நிழலில் விட வேண்டும். இடையில் புரட்டும்போது குவியலுக்குள் கையை விட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். குப்பையில் இருக்கும் அங்கக அமிலங்கள் துத்தநாகத்தையும் இரும்பையும் பிடித்து வைத்துக்கொள்கின்றன. சுண்ணாம்பு மண்ணில் விழுந்தாலும் அவை உடனே பூட்டிக்கொள்ளாமல் கொஞ்சம் கொஞ்சமாக வேருக்குக் கிடைக்கும். விலை உயர்ந்த கீலேட் உரம் செய்கிற வேலையின் ஏழை வடிவம் என்று வைத்துக்கொள்ளலாம். கலவையில் போரானும் இருக்கும். அது தேவைக்கும் நஞ்சுக்கும் இடையே தூரம் குறைந்த சத்து. 'ரெண்டு பங்கு போட்டா ரெண்டு பங்கு வெளையும்' என்ற கணக்கு அதனிடம் செல்லாது.

விதைப்பு பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. வீரிய ஒட்டு ரகம், ஏக்கருக்கு எட்டு கிலோ விதை, 60-க்கு 25 சென்டிமீட்டர் இடைவெளி. மழை சரியாக வந்து முளைப்பும் நன்றாக இருந்தது.

நாலைந்து இலை விட்டதும் பட்டைகள் பிரிந்து தெரிய ஆரம்பித்தன. முதல் பட்டையில் வெள்ளைக் குருத்து வந்துவிட்டது. ஒரு செடியை அருகே உட்கார்ந்து பார்த்தால் அடையாளம் தெளிவு. குருத்திலிருந்து வெளிவருகிற இளம் இலையில், அடிப்பாகத்தில்தான் தொடங்குகிறது. நடு நரம்பு பச்சையாகவே இருக்கிறது, ஓரமும் பச்சை. இரண்டுக்கும் நடுவில், நரம்புக்கு இருபுறமும், ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளைப் பட்டை. நுனிப்பக்கம் போகப் போக மறைகிறது. கணுவுக்கும் கணுவுக்கும் இடையே தண்டு நீளாமல் செடி குத்துக்குத்தாக நிற்கிறது. பயிரை நீட்டும் ஆக்சின் சுரக்கத் துத்தநாகம் வேண்டும், அது குறைந்தால் கணு நீளாது.

வெளுப்பெல்லாம் ஜிங்க் அல்ல. இரும்புக் குறை என்றால் இளம் இலையில் முழு நீளத்துக்கும் நரம்பு பச்சை, இடை வெளுப்பு என்று மெல்லிய கோடுகள் ஓடும். மெக்னீசியம் என்றால் கோடுகள் அடி இலைகளில் வரும். தழைச்சத்து என்றால் அடி இலை நுனியிலிருந்து நடு நரம்பு வழியாக மஞ்சள் இறங்கும். இன்னொன்று அடிச்சாம்பல் நோய். அதற்கும் இலை வெளுக்கும். ஆனால் விடியற்காலையில் இலையைத் திருப்பிப் பார்த்தால் அடியில் வெள்ளைப் பூசணம் மாவு போலப் படிந்திருக்கும். அதற்கு ஜிங்க் தெளித்துப் பிரயோஜனமில்லை. அதனால்தான் காலையில் போய் இலையைத் திருப்பிப் பார்க்கச் சொல்வேன்.

பக்கத்துக் காட்டு அண்ணன் வரப்பில் நின்று பார்த்தார். "என்ன தம்பி, இந்தப் பட்ட மட்டும் வெளுத்துக் கெடக்கு? ரெண்டு கை யூரியா வீசி விடு."

"அதுக்குத்தாண்ணே விட்டு வச்சிருக்கேன்."

"வெள்ளாமய வெளுக்க விட்டு வேடிக்க பாக்குறவன இப்பத்தான் பாக்குறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆனால் அதற்கப்புறம் எங்கள் காட்டைத் தாண்டும்போதெல்லாம் வண்டியை நிறுத்தி நான்கு பட்டையையும் ஒரு பார்வை பார்க்காமல் போனதில்லை.

ஜிங்க்கை மணலோடு போட்ட இரண்டாம் பட்டையில் வெளுப்பு அங்கங்கே இருந்தது, சுக்கான் கல் மேலெழுந்த இடங்களில் அதிகம். தொழுவுரப் பட்டைகள் இரண்டும் ஏறக்குறைய சுத்தம். முழுக்க ஜிங்க்கின் சாதனை என்று சொல்ல மாட்டேன். குப்பைக்கே ஈரம் பிடிக்கிற குணம் உண்டு, அந்த 120 கிலோவும் தன் பங்குக்கு ஏதோ செய்திருக்கும். கலவையில் இரும்பும் இருந்தது.

முளைத்த பிறகு வெளுப்பைப் பார்த்தவர்கள் இப்போது என்ன செய்வது என்று கேட்பார்கள். 0.5 சதவீதக் கரைசல் தெளிக்கலாம். பத்து லிட்டருக்கு ஜிங்க் சல்பேட் 50 கிராம், சுட்ட சுண்ணாம்பு 25 கிராம். ஜிங்க் சல்பேட் கரைசல் புளிப்பானது, அப்படியே அடித்தால் இலை கருகும், சுண்ணாம்பு அந்தப் புளிப்பை முறிக்கிறது. சுண்ணாம்பை முதல் நாள் இரவே ஊறப்போட்டு, மறுநாள் தெளிந்த நீரை மட்டும் எடுத்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி ஊற்ற வேண்டும். வடிகட்டாவிட்டால் நாசில் அடைத்து, காட்டு நடுவில் உட்கார்ந்து ஊதிக்கொண்டிருக்க வேண்டியதுதான். சுண்ணாம்பு வேண்டாம் என்பவர்கள் ஒரு சதவீதம் யூரியா சேர்க்கிறார்கள். வெயில் தாழ்ந்த பிறகு அடிப்பது நல்லது. படைப்புழுவுக்கு அடிக்கிற மருந்தை இதே டேங்கில் கலக்க வேண்டாம். 2018-ல் அந்தப் புழு நாட்டுக்குள் வந்ததிலிருந்து குருத்துக்கு மருந்தடிப்பது இங்கே வழக்கமாகிவிட்டது. 'ஒரே வேலையா முடிச்சிடலாம்' என்ற ஆசை எனக்கும் வரும். ஆனால் சுண்ணாம்பு சேர்ந்த கரைசலில் எந்த மருந்து எப்படி நடந்துகொள்ளும் என்று யார் கண்டது? இரண்டு வேலையாகவே வைத்துக்கொண்டேன்.

நான்காம் பட்டைத் தெளிப்புதான் உண்மையான தலைவலி. ஆண்பூ வரும் தருவாயில் சோளம் ஆள் உயரத்தைத் தாண்டிவிடும். முதுகில் பதினாறு லிட்டர், இருபுறமும் இலை ரம்பமாக அறுக்கும், கழுத்தில் மகரந்தத் தூள் அரிக்கும். முழுக்கைச் சட்டையும் தலையில் துண்டும் இல்லாமல் உள்ளே போகக் கூடாது. ட்ரோன் வைத்து அடிக்கலாமே என்று ஊர்ப் பையன் ஒருவன் கேட்டான். ட்ரோன் ஏக்கருக்குப் பத்து லிட்டர் தண்ணீர்தான் கொண்டுபோகும். கைத்தெளிப்புக்கு 200 லிட்டரில் கரைக்கிற ஒரு கிலோ ஜிங்க் சல்பேட்டைப் பத்து லிட்டரில் கரைத்தால் கரைசல் பத்து சதவீதம் ஆகிவிடும், இலை தாங்காது. குறைத்துக் கரைத்தால் பயிருக்குப் போகும் அளவு சொற்பம். பூச்சிமருந்துக்கு ட்ரோன் சரி, இதற்குத் தோது இல்லை. பல்கலைக்கழகத்தின் மக்காச்சோள மேக்சிம் என்று ஒரு தெளிப்புக் கலவை இருக்கிறது, ஏக்கருக்கு மூன்று கிலோ, 200 லிட்டரில் கரைத்து ஆண்பூ வரும்போதும் மணி பிடிக்கும்போதும் தெளிப்பது. எங்கள் ஊரில் சிலர் அடிக்கிறார்கள், நன்றாக இருக்கிறது என்கிறார்கள். அதில் வேறு சத்துகளும் வளர்ச்சி ஊக்கியும் சேர்ந்திருப்பதால் என் பட்டையில் அதைக் கொண்டுவரவில்லை.

அறுவடையில் கதிரை உரித்து வரிசையாக வைத்துப் பார்த்தோம். முதல் பட்டைக் கதிர்களில் நுனி ஒரு விரற்கடைக்கு மணியில்லாமல் நெட்டியாக நின்றது. மூன்றிலும் நான்கிலும் பெரும்பாலும் நுனி வரை மணி ஏறியிருந்தது. இயந்திரத்தில் பட்டை வாரியாகத் தனித்தனியே அடித்து, களத்தில் காயவைத்து, ஈரம் சமமானதும் எடை போட்டோம். ஏக்கர் கணக்குக்குக் கொண்டுவந்தால், தொழுவுரப் பட்டைகள் வெறும் பட்டையைவிட மூன்று குவிண்டாலை ஒட்டிக் கூடுதல். மணலோடு போட்ட பட்டை நடுவில். மூன்றுக்கும் நான்குக்கும் வித்தியாசம் என்று சொல்ல ஒன்றுமில்லை, தராசின் ஆட்டத்துக்குள் அடங்கிவிட்டது. 2024-25-க்கு மக்காச்சோளத்தின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,225 ரூபாயாக இருந்தது. நுண்ணூட்டத்துக்கு ஆன செலவு ஒரு குவிண்டால் விலைக்குள் அடங்கியது. ஒரு காட்டில் ஒரு பட்டத்தில் கண்டது இவ்வளவுதான், இதை வைத்து அடுத்தவர் காட்டுக்கு ஜாதகம் கணிக்க மாட்டேன்.

அப்படியானால் அறுபட்டுக்கொண்டு நான்காம் பட்டையில் தெளித்தது எதற்கு? அது எடைக்காக அல்ல, மணிக்குள் போகிற துத்தநாகத்துக்காக. விளைச்சலைத் தீர்மானிப்பது பயிர் இளமையில் வேர்வழியாக எடுக்கிற சத்து. மணியில் சேர்வதற்கு, மணி கட்டுகிற சமயத்தில் இலையில் கையிருப்பு வேண்டும். இதை முதலில் பெரிய அளவில் எடுத்துக்காட்டியது கோதுமையில்தான். எங்கள் மண் போலவே சுண்ணாம்பு மிகுந்த மத்திய அனத்தோலியாவில் வேலை செய்த துருக்கியின் இஸ்மாயில் சக்மாக் முன்னின்று நடத்திய கூட்டு ஆய்வில், ஏழு நாட்டு வயல்களில் இலைவழித் தெளிப்பால் கோதுமை மணியின் துத்தநாகம் கிலோவுக்கு 27 மில்லிகிராமிலிருந்து 48-க்கு ஏறியது. 2012-ல் வெளியான முடிவு அது. மக்காச்சோளம் அவ்வளவு தாராளமாக ஏற்காது, ஏற்றம் கோதுமையைவிடக் குறைவு.

இதில் எரிச்சல் என்னவென்றால், விற்பனைக்கூடத்தில் இதை யாரும் கேட்பதில்லை. ஈரமானியைச் செருகுவார்கள், 14 சதவீதத்துக்குக் கீழே இருக்கிறதா என்று பார்ப்பார்கள், எடை போடுவார்கள். எங்கள் சோளம் பெரும்பாலும் நாமக்கல் கோழித் தீவனத்துக்குப் போகிறது. அங்கே தீவனத்தில் துத்தநாகத்தைத் தனியாகவே கலக்கிறார்கள். மணியில் சத்து ஏறினாலும் கோழிக்குப் புது லாபம் கிடையாது, எனக்கும் ஒரு பைசா கூடாது. மக்காச்சோளக் களியே மூன்று வேளைச் சோறு என்று இருக்கிற மலாவி, ஜாம்பியா போன்ற நாடுகளில் கதையே வேறு. அங்கே அந்த ஏற்றம் குழந்தையின் உடம்பில் தெரியும். மனிதருக்கும் துத்தநாகக் குறை வரும் என்று 1960-களின் தொடக்கத்தில் எடுத்துச் சொன்னவர் பீகாரில் பிறந்த மருத்துவர் ஆனந்த பிரசாத். ஈரானில் ரொட்டியை மட்டுமே பிரதானமாகத் தின்று வளர்ச்சி குன்றிய இளைஞர்களைப் பார்த்துத்தான் அவருக்குச் சந்தேகம் வந்தது. தானியத்தில் இருக்கும் பைட்டிக் அமிலம் துத்தநாகத்தைக் குடலில் பிடித்துவைத்துக்கொள்கிறது. மக்காச்சோளத்தில் அந்த அமிலம் பெரும்பாலும் முளைக்கருவில் இருக்கிறது. துத்தநாகத்திலும் பெரும்பங்கு அங்கேதான். முளையை நீக்கிய வெள்ளை ரவையில் இரண்டுமே போய்விடும். முழு மணியை ஊறவைத்து அரைத்து இரவு புளிக்கவிட்டால் பைட்டிக் அமிலம் குறையும். ஆகவே நான்காம் பட்டைச் சோளத்தில் ஒரு மூட்டையை விற்காமல் வீட்டுக்கு வைத்துக்கொண்டேன். அம்மா அதைக் கம்பங்கூழ் பக்குவத்தில் புளிக்கவைத்துக் காய்ச்சுகிறார், மோர் மிளகாயோடு நன்றாகவே இறங்குகிறது.

வரும் பட்டத்தில் மூன்று, நான்காம் பட்டைகளுக்கு மண்ணில் மறுபடி ஜிங்க் போடப்போவதில்லை. ஒருமுறை போட்டது இரண்டு மூன்று பட்டம் தாங்கும் என்பது பரிந்துரை, அது சுண்ணாம்பு மண்ணில் எவ்வளவு தாங்குகிறது என்று பார்க்க வேண்டும். மண் மாதிரி எடுத்துக் காயவைத்திருக்கிறேன். முதல் பட்டைக்கும் இந்த முறை தொழுவுரம் உண்டு. பக்கத்துக் காட்டு அண்ணன் வேப்பமரத்தடியில் எனக்குப் பக்கத்திலேயே தன் குப்பையையும் குவித்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் வாங்கி வைத்திருக்கும் ஜிங்க் பாக்கெட்டை இன்னும் டம்ளரில் போட்டுப் பார்க்கவில்லை.